கைத்துப்பாக்கியில் இருபுற லீவர்: எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

"இரு கைக்கும் ஏற்றது" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிஸ்டலை எடுத்துப் பார்த்தால், சிலவற்றில் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) மட்டும் இருபுறமும் இருக்கும். சிலவற்றில் ஸ்லைடு லீவர் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்துவது) மட்டும் இருக்கும். இன்னும் சிலவற்றில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) விடுவிக்கும் பொத்தானைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மூன்றுக்கும் ஒரே பெயர். புதிதாகச் சுடப் பழகுபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "இருபுற வசதி நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு லீவராக எடுத்துப் பார்த்தால் கிடைக்கும்.

இதில் சொல்லியிருக்கும் எதைச் செய்து பார்ப்பதற்கு முன்னாலும்: மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள், சேம்பருக்குள் (சுடும் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். குழல் எப்போதும் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். உரிமம், வைத்திருக்கும் முறை, பயிற்சி செய்யும் இடம் ஆகியவற்றில் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் சொல்வதே முடிவு.

எந்த விரல் எந்தப் பக்கம்

வலக்கைக்காரர் பிஸ்டலைப் பிடித்தால் கட்டைவிரல் துப்பாக்கியின் இடப்புறம் படியும், ஆள்காட்டிவிரல் வலப்புறம் நீண்டிருக்கும். அதனால் பொத்தான், லீவர் எல்லாவற்றையும் இடப்புறம் வைப்பதே வழக்கமாகிவிட்டது. அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட 1911 பிஸ்டலே இதற்கு நல்ல உதாரணம்: சேஃப்டி, மேகசின் பொத்தான், ஸ்லைடு லீவர் மூன்றும் இடப்புறம்தான். இடக்கைக்காரர் அதே துப்பாக்கியைப் பிடித்தால் நிலைமை தலைகீழ். கட்டைவிரல் இருக்கும் பக்கம் ஒன்றுமே இல்லை, எல்லாம் ஆள்காட்டிவிரல் பக்கம் கிடக்கின்றன. மனிதர்களில் சுமார் பத்துக்கு ஒருவர் இடக்கைக்காரர். நொட்டாங்கை என்று கிண்டல் செய்யும் உலகத்தில் துப்பாக்கி மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன.

தயாரிப்பாளர்கள் இதற்குத் தரும் தீர்வு மூன்று வகை. முதலாவது, இருபுறமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் லீவர். இதுதான் உண்மையான இருபுற வசதி. எஃப்.என். 509 பிஸ்டலில் மேகசின் பொத்தானும் ஸ்லைடு லீவரும் இப்படித்தான். இரண்டாவது, மாற்றிப் பொருத்தும் வகை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான், எந்தப் பக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். 2010-இல் வந்த க்ளாக் ஜென்4 முதல் அந்த நிறுவனத்தின் மேகசின் பொத்தான் இந்த வகை. 2017-இல் வந்த ஜென்5-இல் ஸ்லைடு லீவர் இருபுறமும் வந்தது, மேகசின் பொத்தான் மாற்றிப் பொருத்தும் வகையாகவே தொடர்ந்தது. ஒரே துப்பாக்கிக்குள் இரண்டு வகை! மூன்றாவது, முழுக்க முழுக்க இடக்கைக்கென்றே கண்ணாடிப் பிம்பம் போலச் செய்தது. இது அரிது. சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் சவுத்பா ரிவால்வரில் சிலிண்டர் வலப்பக்கமாகத் திறக்கும்.

சேஃப்டி: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டி உள்ள துப்பாக்கியை இடக்கைக்காரர் வாங்குவதானால், அது இருபுறமும் இருந்தே ஆக வேண்டும். காரணம் எளிது. மேகசின் பொத்தானையும் ஸ்லைடு லீவரையும் ஆள்காட்டிவிரலால் சமாளித்துவிடலாம். இடப்புறம் மட்டும் இருக்கும் சேஃப்டியை அப்படிச் சமாளிக்க முடியாது. கட்டைவிரலைத் துப்பாக்கியின் பின்பக்கமாகச் சுற்றி மறுபுறம் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். அந்த நொடியில் பிடி தளரும், குழல் அசையும். தள்ளிய பிறகு பிடியை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஒருமுறை செய்து பார்த்தாலே புரிந்துவிடும்.

சேஃப்டியே இல்லாத துப்பாக்கி இன்னொரு வழி. விசைக்குள்ளேயே பாதுகாப்பு அமைப்பு உள்ள பிஸ்டல்கள் ஏராளம், அவற்றில் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் அங்கே ஒழுக்கம் முழுக்க உங்கள் ஆள்காட்டிவிரலிலும் ஹோல்ஸ்டரிலும் (துப்பாக்கி உறை) இருக்கிறது.

இருபுற சேஃப்டியில் என்ன கெடும்? 1911 வகையில் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே இடது லீவரின் அச்சும் வலது லீவரின் அச்சும் சட்டகத்துக்குள் நாக்கும் பள்ளமும் போல ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு தேயத் தேய வலது லீவர் ஆட ஆரம்பிக்கும். சோதிக்கும் வழி: காலித் துப்பாக்கியில் ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியல்) ஏற்றி, இடது லீவரை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது லீவரை மேலும் கீழும் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கலாம். இடது லீவர் நகராமலே வலது லீவர் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அது பழுது. வலப்புறத்தில் சேஃப்டி இறங்கிவிட்டது போலத் தெரியும், உள்ளே இறங்கியிருக்காது.

இன்னொன்று முக்கியம். 1911-க்கு இருபுற சேஃப்டி வாங்கி வீட்டில் நீங்களே மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த லீவரின் உள்பகுதிதான் சியரை (ஏற்றிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் துண்டு) நகரவிடாமல் தடுக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதை அரம் வைத்து ராவிப் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் லீவர் மேலே ஏறும், "சேஃப்" என்று காட்டும், தடுக்க வேண்டியதைத் தடுக்காது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யுங்கள். திரும்பி வந்ததும் நீங்களும் சோதியுங்கள்:

1. துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, ஹேமரை ஏற்றி, சேஃப்டியை மேலே தள்ளுங்கள்.
2. குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். ஹேமர் விழக் கூடாது.
3. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை இறக்குங்கள். இப்போதும் ஹேமர் விழக் கூடாது.
4. சத்தமில்லாத இடத்தில், ஹேமரைக் கட்டைவிரலால் இன்னும் சற்றே பின்னுக்கு இழுங்கள். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால், இரண்டாம் படியில் சியர் லேசாக நகர்ந்திருக்கிறது என்று பொருள். இப்போது அது தன் இடத்துக்குத் திரும்புகிறது. அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாமல் மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுங்கள்.

வலக்கைக்காரர் இருபுற சேஃப்டியை வாங்கினால் வேறு தொல்லை. வலது லீவர் ஆள்காட்டிவிரலின் அடிமூட்டில் இடிக்கும். சிலருக்குச் சுடும்போது தோல் உரியும். சிலருக்கு அந்த மூட்டே தடையாக நின்று லீவரை முழுக்க இறங்கவிடாது. வலது லீவர் அகலம் குறைந்த மாடலாகப் பார்த்து எடுப்பது, அல்லது அந்த லீவரே வேண்டாம் என்று விடுவது நல்லது. இடுப்பில் அணிபவருக்கு இன்னும் ஒரு சங்கதி உண்டு. வலது இடுப்பில் வைத்தால் துப்பாக்கியின் இடப்புறம் உடம்பைப் பார்த்து இருக்கும், வலப்புறம் வெளியே பார்க்கும். கூடுதலாக மாட்டிய வலது லீவர்தான் கதவு, நாற்காலிக் கை, சீட் பெல்ட் எல்லாவற்றிலும் உரசும் பக்கம்.

ஸ்லைடின் மேலேயே சேஃப்டி உள்ள பெரெட்டா 92 எஃப்.எஸ். போன்றவற்றில் லீவர் இருபுறமும் இருக்கிறது. இடக்கைக்கு வசதிதான். ஆனால் ஸ்லைடை மேலிருந்து உள்ளங்கையால் பற்றி இழுக்கும்போது லீவர் கீழே தள்ளப்பட்டு, தெரியாமலே சேஃப்டி போட்டதாகிவிடலாம் (1911-க்கு நேர்மாறாக, இங்கே லீவர் கீழே இருந்தால்தான் பூட்டு). பிறகு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது, புதியவர் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று விழிப்பார். இழுத்து முடித்ததும் கட்டைவிரலால் லீவரை மேலே தள்ளிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹேமரை இறக்கும் டீகாக்கர் லீவருக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அதை அவசரத்தில் யாரும் தொடுவதில்லை. சிக் சாவர் பி226 போல இடப்புறம் மட்டும் டீகாக்கர் இருந்தால் இடக்கைக்காரர் ஆள்காட்டிவிரலால் அழுத்திக்கொள்ளலாம். அந்த நேரத்தில் விரல் விசையில் இருக்கவே முடியாது என்பது கூடுதல் நன்மை.

மேகசின் பொத்தான்: இருபுறத்தைவிட மாற்றிப் பொருத்துவதே மேல்

இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பொத்தான் இருபுறமும் இருந்தால் தெரியாமல் அழுந்தும் வாய்ப்பும் இருபுறமும் உண்டு. மேகசின் முழுக்க விழுந்தால்கூடப் பரவாயில்லை, சத்தம் கேட்டுத் தெரிந்துவிடும். கால் அங்குலம் இறங்கி உள்ளேயே தொங்கிக்கொண்டிருப்பதுதான் மோசம். சேம்பரில் இருக்கும் ஒரு தோட்டா சுடும், அடுத்தது ஏறாது. இதைத் தவிர்க்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் கட்டைவிரலால் அழுத்தவே சிரமப்படும். இருபுறப் பொத்தான் வைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்க வேண்டியிருக்கிறது.

மாற்றிப் பொருத்தும் பொத்தானில் இந்தச் சிக்கல் பாதியாகிறது. எளிய அமைப்பு, அழுந்தும் பக்கம் ஒன்றே ஒன்று. ஒரே துப்பாக்கியை இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் மாற்றி மாற்றிச் சுடும் இடங்களில் மட்டும் இருபுறப் பொத்தான் நிஜமாகவே உதவும்.

பொத்தானை மாற்றாமலே பல இடக்கைக்காரர்கள் திருப்தியாகச் சுடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இடப்புறப் பொத்தானை ஆள்காட்டிவிரலாலோ நடுவிரலாலோ அழுத்தினால் உள்ளங்கைப் பிடி நகரவே நகராது. கட்டைவிரல் குட்டையாக உள்ள வலக்கைக்காரர் பொத்தானை எட்ட ஒவ்வொரு முறையும் பிடியைத் திருப்ப வேண்டியிருக்கும். அவர்களில் சிலர் இதே காரணத்துக்காகப் பொத்தானை வலப்புறம் மாற்றிக்கொண்டு ஆள்காட்டிவிரலால் அழுத்துகிறார்கள். ஆகவே மாற்றுவதற்கு முன் இருக்கிற இடத்திலேயே இருபது முப்பது முறை அழுத்திப் பாருங்கள்.

விசைக்காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) பின்விளிம்பில் துடுப்பு போல நீளும் லீவர் இன்னொரு வகை. ஹெக்லர் அண்ட் காக் யூ.எஸ்.பி., வால்தர் பி99 ஆகியவற்றில் இது பிரபலம். கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இருபுறமும் ஒரே துண்டு, பக்கவாட்டில் இடித்தால் எளிதில் அழுந்தாது. குறை என்னவென்றால் பொத்தானுக்குப் பழகிய கை இங்கே தடுமாறும். முதல் துப்பாக்கியே இதுவாக இருந்தால் அந்தக் குறையும் இல்லை.

க்ளாக் ஜென்4, ஜென்5-இல் பொத்தானை மாற்றுவது இப்படி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கம்பி ஸ்பிரிங் தெறிக்கலாம்.

1. காலி என்று உறுதி செய்த துப்பாக்கியை, மேகசின் இல்லாமல், தலைகீழாகப் பிடித்து மேகசின் குழிக்குள் வெளிச்சம் அடியுங்கள். முன்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி நிற்பது தெரியும். அதன் முனை பொத்தானில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்.
2. நீளமான மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கம்பியைப் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளிப் பிடியுங்கள். தேவைக்கு மேல் வளைக்க வேண்டாம். வளைந்த கம்பி பிறகு பொத்தானை முழுதாகத் திரும்பித் தள்ளாது.
3. பொத்தானைப் பக்கவாட்டில் உருவி, திருப்பி, மறுபக்கத்திலிருந்து நுழையுங்கள்.
4. கம்பியின் முனையை மறுபடி பள்ளத்தில் உட்கார வையுங்கள். பொத்தானை அழுத்தி விட்டால் துள்ளித் திரும்ப வேண்டும்.
5. காலி மேகசினைப் பத்து முறை போட்டுக் கீழே இழுத்துப் பாருங்கள். பிறகு டம்மித் தோட்டாக்களால் (வெடிக்காத பயிற்சித் தோட்டா) நிரப்பி, ஸ்லைடு மூடிய நிலையில் போட்டுப் பாருங்கள். நிரம்பிய மேகசினை மூடிய ஸ்லைடுக்குக் கீழே போட அதிக அழுத்தம் வேண்டும். "கிளிக்" கேட்கும்வரை அடித்து ஏற்றுங்கள்.

ஐந்தாம் படியில் மேகசின் நிற்காமல் விழுந்தால் பொத்தானைத் திட்டுவதற்கு முன் மேகசினைப் பாருங்கள். பழைய தலைமுறை மேகசின்களில் கொக்கி மாட்டும் வெட்டு ஒரு பக்கம்தான் இருக்கும், ஜென்4 முதல் வந்தவற்றில் இருபுறமும் உண்டு. பொத்தானை மாற்றிய பிறகு பழைய மேகசின்கள் அந்தத் துப்பாக்கிக்கு உதவாது. இரவல் வாங்கிய மேகசினோடு போட்டிக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஸ்லைடு லீவர்: இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி

தோட்டா தீர்ந்து ஸ்லைடு பின்னால் நின்றதும், புது மேகசின் போட்டு அதை மூட இரண்டு வழிகள் உண்டு: லீவரை அழுத்துவது, அல்லது மறுகையால் ஸ்லைடை மேலிருந்து பற்றி முழுக்கப் பின்னிழுத்து விடுவது. இரண்டாவது வழி எந்தக் கைக்கும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். அதனால் மூடுவதற்காக மட்டும் இருபுற லீவரைத் தேட வேண்டியதில்லை.

திறந்து பூட்டுவதுதான் கொஞ்சம் கஷ்டம். சேம்பரைச் சோதிக்கவும், இரண்டு தோட்டா ஒன்றாகச் சிக்கினால் எடுக்கவும் ஸ்லைடை இழுத்துக்கொண்டே லீவரை மேலே தள்ள வேண்டும். இடக்கைக்காரர் வலக்கையால் ஸ்லைடை இழுத்தபடி இடது ஆள்காட்டிவிரலை மடக்கி லீவரை உயர்த்தலாம். சின்னத் துப்பாக்கியில் லீவரும் சின்னது, ஸ்பிரிங்கும் கெட்டி. எட்டாத லீவரை எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்பும்போது குழல் பக்கத்து வரிசைக்காரரை நோக்கித் திரும்பிவிடும். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் தளம்) புதியவர்களைப் பார்த்து மற்றவர்களைக் கத்த வைக்கும் தவறுகளில் முக்கியமானது இது. முழங்கையை உடம்போடு ஒட்டி, துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு இழுங்கள். அப்படிச் செய்தும் முடியவில்லை என்றால், அந்தத் துப்பாக்கியில் இருபுற லீவர் உங்களுக்குத் தேவைதான்.

கடையிலோ கிளப்பிலோ எடுத்துப் பார்க்கும்போது வலது லீவரைத் தனியாக அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் ஸ்லைடைத் தாங்கும் பல் இடப்புறம்தான் இருக்கும். வலப்புற அழுத்தம் குறுக்குத் துண்டு வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் இடது லீவர் மெத்தென்று இறங்க, வலது லீவர் முரண்டு பிடிக்கும்.

ஹோல்ஸ்டர்

இருபுற லீவர் துப்பாக்கியை அகலமாக்குகிறது. வழக்கமான மாடலுக்கு வார்த்த கடினப் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர் இருபுற மாடலுக்குச் சேராமல் போகலாம், அல்லது சேர்ந்து லீவரை அழுத்தலாம். இரண்டாவதுதான் ஆபத்து. காலித் துப்பாக்கியில் சேஃப்டியைப் போட்டு, ஹோல்ஸ்டரில் இருபது முறை வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் சேஃப்டி போட்டபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டம்மி நிரப்பிய மேகசினோடு அணிந்து உட்காருங்கள், எழுந்திருங்கள், குனியுங்கள், நாற்காலியில் சாயுங்கள். கடைசியாகத் துப்பாக்கியை எடுத்து மேகசினின் அடியை உள்ளங்கையால் மேலே தள்ளுங்கள். "கிளிக்" கேட்டால் அது எங்கோ இடித்துக் கழன்றிருந்தது.

இடக்கைக்காரருக்கு இடக்கை ஹோல்ஸ்டர்தான். துப்பாக்கி இருபுறம் என்பதற்காக ஹோல்ஸ்டரும் இருபுறம் ஆகாது.

இருபுற லீவரால் தீராதவை

சுட்ட பிறகு வெற்றுத் தோட்டா (பித்தளைக் கூடு) பெரும்பாலான பிஸ்டல்களில் வலப்பக்கமாகத்தான் வெளியே பறக்கும். இருபுற பிஸ்டலிலும் அப்படித்தான். இடக்கையால் சுடும்போது சூடான பித்தளை முகத்தின் பக்கம் வரலாம் என்பதால் கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் அவசியம். கழுத்து மூடிய சட்டை இன்னும் நல்லது. சட்டைக்குள் விழுந்த வெற்றுத் தோட்டாவை எடுக்கத் துள்ளும்போது குழல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். இடக்கைக்காரரின் வலக்கண் ஆதிக்கக் கண்ணாக (குறிபார்க்கும்போது இயல்பாக முந்தும் கண்) இருந்தால் அதையும் லீவர் தீர்க்காது. ஒரு கண்ணால் குறிபார்ப்பதா, தலையைச் சற்றுத் திருப்புவதா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போன்ற ஒலிம்பிக் பிரிவுகளுக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியை மறந்துவிடலாம். அங்கே ஒரு கையால் நிதானமாகச் சுடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இடக்கைக்கென்று செதுக்கிய பிடி. ஓடிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் வேகமாகச் சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளில் கதை வேறு. பலவீனக் கையால் மட்டும் சுட வேண்டிய சுற்றுகள் வரும். வலக்கைக்காரருக்கும் வலப்புற சேஃப்டி பயன்படும் இடம் அது.

ரிவால்வரில் பொதுவாகச் சிலிண்டர் இடப்பக்கம் திறக்கும், தாழ்ப்பாளும் இடப்பக்கமே. இடக்கைக்காரர் ஆள்காட்டிவிரலால் தாழ்ப்பாளை விடுவித்து, வலக்கையால் சிலிண்டரைத் தள்ளித் திறக்கப் பழகினால் போதும்.

முதல் ஐம்பது தோட்டா

வாங்கிய பிறகு ரேஞ்சில் முதல் நாள் குறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாம், லீவர்களைப் பாருங்கள். மேகசினுக்கு ஐந்து தோட்டா வீதம் பத்து முறை. ஒவ்வொரு முறையும் ஐந்தாவது தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நின்றதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிற்காமல் மூடிக்கொண்டால், பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் லீவரின் மேல் படுத்துக்கொண்டு அதை எழவிடாமல் தடுத்திருக்கும். லீவர் இருபுறமும் இருக்கும் துப்பாக்கியில் இந்தத் தவறு இடக்கைக்காரருக்கும் வாய்க்கிறது. ஒருபுற லீவரில் அவர் இதிலிருந்து தப்பித்திருப்பார். தோட்டா மீதி இருக்கும்போதே ஸ்லைடு பூட்டிக்கொண்டால் விரல் லீவரை மேலே தள்ளுகிறது. இரண்டு நிலையிலும் கட்டைவிரலை அரை அங்குலம் கீழேயோ வெளியேயோ நகர்த்தி இன்னும் மூன்று மேகசின் சுட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் துப்பாக்கியை வேறொருவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் அதே நடந்தால் அப்போது லீவரைக் குறை சொல்லலாம்.